ஆல்பத்துக்கு ஏற்ற கோதண்டம்

கிழக்குக்கரைச் சரக்கேற்றுக் கம்பெனியில் இன்றுவரை ஒரு விபத்துகூட நடந்ததில்லை. ராயபுரத்தில் கடலோரம் இருக்கும் அதன் பெரிய கேட்டுக்கு மேலே, தகரப் பலகையில், அப்படித்தான் எழுதியிருந்தது. அந்தப் பலகையை எழுத ஏணியில் ஏறியவன் விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டான். அதை விபத்தில் சேர்க்கவில்லை. அது கவனக்குறைவு. சங்கிலி அறுந்தால் அது சங்கிலியின் கவனக்குறைவு. கீழே நின்றவனுக்கு அடிபட்டால், அங்கே போய் நின்றது அவன் கவனக்குறைவு. இந்த நுட்பமான வித்தியாசத்தைக் கண்டுபிடித்தவர் கம்பெனியின் தொழிலாளர் நல அபிவிருத்திச் சபையின் காரியதரிசி எத்திராஜ். அதற்காகத்தான் அவருக்கு ராவ்சாகிப் பட்டம் கிடைத்தது என்று ஊரில் பேச்சு.

கோதண்டம் அந்தக் கம்பெனியில் பதினாலு வருஷமாகச் சங்கிலிக்காரன். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை வின்ச் என்னும் பாரந்தூக்கியின் சங்கிலியில் மாட்டுவதும் கழற்றுவதும் அவன் வேலை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷம் தை மாதத்தில் ஒருநாள் காலை அந்தச் சங்கிலி கவனக்குறைவாக அறுந்தது. வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் போயின. இடது காதிலிருந்து உதட்டோரம்வரை கன்னம் கிழிந்தது. ஆஸ்பத்திரியில் தைத்து அனுப்பினார்கள். மிச்சமிருந்த மூன்று விரல்களால் சங்கிலிக் கொக்கியைப் பிடித்துப் பார்த்தான். பிடி நிற்கவில்லை. மூட்டை நழுவினால் கீழே நிற்பவன் தலையில் விழும். அவனும் கவனக்குறைவுக் கணக்கில் சேர்ந்துவிடுவான்.

ஆனால் கோதண்டத்துக்கு ஒரு வழி இருந்தது. கம்பெனி கேட்டில் ஒரு முக்காலி உண்டு. முன்காலத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது மனம் இளகிப்போய், கம்பெனி வேலையில் கையோ காலோ இழந்தவனுக்கே அந்த முக்காலியும் கேட் காவல் வேலையும் தரவேண்டும் என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். அதில் உட்கார்ந்திருந்த ஒற்றைக்கால் கிழவர் அந்த மாதம்தான் காலமானார். விபத்தே நடக்காத கம்பெனியில், விபத்தில் அடிபட்டவனுக்கு ஒரு வேலை காலியாக இருந்தது.

கோதண்டத்தின் மனைவி கெங்கம்மா திருவொற்றியூர்த் தீப்பெட்டி ஆலையில் பெட்டி ஒட்டுபவள். அவள்தான் அவனைக் கிளப்பினாள்.

"இன்னாய்யா இப்டியே குந்திகினு கீற? போய்க் கேளு. அந்த முக்காலி உனுக்குன்னே செஞ்சு போட்டாப்ல கீது."

"போய் இன்னான்னு கேக்கறது கெங்கம்மா? கைய நீட்டிகினு நிக்கணும். ஒரு மாதிரியா கீது."

"வெரலு போனதுக்கு நீ ஏன் வெக்கப்படற? அறுந்த சங்கிலிய மாத்தாம வெச்சிருந்தான் பாரு, அவன் வெக்கப்படட்டும்."

அவன் போனான். சபைக் காரியாலயத்தில் ராவ்சாகிப் எத்திராஜ் பெரிய மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். விண்ணப்பத்தை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். கோதண்டத்தின் கையை அவர் பார்க்கவில்லை. "படம் எங்கே?" என்றார்.

"இன்னா படம் எசமான்?"

"போட்டோ. எந்த விண்ணப்பமானாலும் படம் வேண்டும். படங்களையெல்லாம் சேர்த்து ஒரு ஆல்பம் வைத்திருக்கிறோம். வருஷா வருஷம் அது லண்டனில் இருக்கும் டைரக்டர்களுக்குப் போகிறது. நீ ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும், கோதண்டம். தொழிலாளியை அபிவிருத்தி செய்வது கஷ்டமான காரியம். நாளாகும், செலவாகும், அதற்குள் அவனே செத்துப்போவான். படத்தை அபிவிருத்தி செய்வது சுலபம். ஆகவே சபை சுலபமானதிலிருந்து ஆரம்பித்திருக்கிறது. செலவெல்லாம் சபையைச் சேர்ந்தது. யானைக்கவுனிக்குப் போ."

யானைக்கவுனியில் சபையின் ஆஸ்தானப் படக்காரர் அருள்பிரகாசத்தின் ஸ்டூடியோ மாடியில் இருந்தது. கூரையில் பாதி கண்ணாடி. ஒரு சுவர் முழுவதும் திரைச்சீலையில் ஏரி எழுதியிருந்தது. ஏரியில் அன்னங்கள், கரையில் பளிங்குப் படிக்கட்டு. அருள்பிரகாசம் மெலிந்த மனிதர். காதில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். மனுவைப் படித்துவிட்டு, "கேட் வேலைக்கா? அப்ப கையை முன்னால வை. எதுக்காக வேலை கேக்கறியோ அதுதானே தெரியணும்" என்று சொல்லி, கையை மார்பில் வைத்து ஒரு படம் எடுத்தார்.

படம் நன்றாக வந்திருந்தது. கன்னத்துத் தழும்பு, விரல் இல்லாத இடம், உறக்கமில்லாத கண்கள், எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. கெங்கம்மா பார்த்துவிட்டு, "ஒம் மூஞ்சி ஒம் மூஞ்சியாவே கீதுய்யா" என்றாள்.

சபையில் அதுதான் குற்றமாகப் போயிற்று. ஐந்து அங்கத்தினர்களும் படத்தைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். இன்னொருவர் குடித்துக்கொண்டிருந்த காப்பியைத் தள்ளி வைத்தார்.

"டைரக்டர்கள் ஆல்பத்தைக் காலை ஆகாரத்தின்போது பார்ப்பது வழக்கம்," என்றார் ராவ்சாகிப். "முட்டையை உடைக்கும் சமயத்தில் இந்தக் கை வந்தால் அவர்கள் நிலை என்ன? உனக்கு அடிபட்டது உன் ஒருவனுக்கு. இந்தப் படத்தால் அடிபடப்போகிறவர்கள் பதினோரு டைரக்டர்கள். நியாயத்தை நீயே சொல்."

கோதண்டம் படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டான். மறுபடியும் யானைக்கவுனிக்குப் போனான்.

இந்தத் தடவை நிலை எப்படி இருக்கவேண்டும் என்று சபையிலிருந்தே காகிதம் வந்திருந்தது. கோட்டு போடவேண்டும். ஸ்டூடியோவில் ஒரு கோட்டு இருந்தது. முன்பக்கம் மட்டும்தான், முதுகுப் பக்கம் நாடா வைத்துக் கட்டுவது. அதனால் எந்த உடம்புக்கும் பொருந்தும். ராயபுரத்து மாப்பிள்ளைகள் பாதிப்பேர் கல்யாணப் படத்தில் அதைத்தான் போட்டிருப்பார்கள். வலது கையை முதுகுக்குப் பின்னால் மடித்துக்கொள்ளவேண்டும். இடது கையில் ஒரு புத்தகம்.

"எனுக்குப் படிக்கத் தெரியாதே அய்யா."

"அது இங்கிலீஷ் புத்தகம். எனக்கும் பாதிதான் தெரியும். மூச்சை அடக்கிக்கோ. சந்தோஷமான விஷயம் எதையாவது நினை."

"இன்னாத்த நெனக்கறது?"

"அந்த முக்காலிய நினை."

கோதண்டம் முக்காலியை நினைத்தான். முகம் நன்றாக வந்தது. ஆனால் அருள்பிரகாசம் காலைக் கவனிக்கவில்லை. பளிங்குப் படிக்கட்டின்மேல், விரல்கள் பரந்து, உப்புத் தண்ணீரில் வெடித்த இரண்டு வெறுங்கால்கள் நின்றிருந்தன.

"கோட்டுப் போட்டவனுக்குக் காலில் செருப்பில்லையென்றால் கம்பெனிக்குத்தான் அவமானம்" என்றது சபை.

"செருப்பு வாங்கித் தந்தீங்கன்னா போட்டுக்கறேன் எசமான்."

"அதெல்லாம் வேண்டாம். காலை எடுத்துவிட்டால் போதும்."

அருள்பிரகாசம் முழங்காலுக்குக் கீழே வெட்டினார். வேட்டி தெரிகிறது என்றார்கள். இடுப்புக்குக் கீழே வெட்டினார். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறான் என்று ஒரு அங்கத்தினர் கண்டுபிடித்தார். அதைத் திருப்ப வழியில்லாததால் புத்தகத்தோடு சேர்த்து மார்புக்குக் கீழே வெட்டினார்.

கெங்கம்மா வெட்டிய படங்களை ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். "ஒவ்வொரு வாட்டியும் கொறஞ்சிகினே வர்றியேய்யா. வேல கெடைக்கறதுக்குள்ள வூட்டுக்கு எது மிச்சமா வரும்?"

மிச்சமிருந்தது முகம். அடுத்த கூட்டத்தில் சபை அதற்கு வந்தது.

"கன்னத்தில் ஒரு கோடு தெரிகிறது," என்றார் ராவ்சாகிப். "அந்தக் கோடு சபையின் வருஷாந்தர அறிக்கைக்கு முரணாக இருக்கிறது. அறிக்கையை அச்சடித்தாகிவிட்டது. ஆகவே கோட்டைத்தான் எடுக்கவேண்டும்."

எடுப்பதெல்லாம் படத்தின் கண்ணாடிப் பிளேட்டில். ஒரு சாய்வு மேசையில் பிளேட்டை நிறுத்தி, கீழேயிருந்து நிலைக்கண்ணாடியால் வெளிச்சம் ஏற்றி, அருள்பிரகாசம் வேலை செய்வதைக் கோதண்டம் பக்கத்தில் நின்று பார்த்தான்.

"எல்லாம் தலைகீழ்," என்று அவர் விளக்கினார். "பிளேட்டுல பென்சில் வெச்சா படத்துல வெளுக்கும். கத்தி முனையால சுரண்டினா படத்துல கறுக்கும். இந்த ரெண்டையும் வெச்சிகிட்டு எவனையும் எவனாவும் ஆக்கலாம்."

தழும்பைப் பென்சிலால் நிரப்பினார். தழும்பு போனதும் அம்மைத் தழும்புகள் எடுப்பாகத் தெரிந்தன; அவற்றையும் நிரப்பினார். நெற்றிக்கோடுகள் போயின. தொழிலாளிகளுக்குப் போதிய ஆகாரம் கிடைப்பது முகத்தில் தெரியவேண்டும் என்று சபை எழுதியது; ஒட்டிய கன்னங்களுக்குச் சதை வைத்தார். நிறம் இரண்டு படி ஏறியது. எல்லாம் முடிந்த பிறகு, கண்களில் நன்றியறிதல் குறைவாக இருக்கிறது என்று ஒரு காகிதம் வந்தது. அருள்பிரகாசம் பெருமூச்சு விட்டார். ஒவ்வொரு கண்மணியிலும் ஒரு சின்னப் புள்ளி வைத்தார். நன்றியறிதல் வந்துவிட்டது.

கோதண்டம் அச்சிட்ட படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "யாரு அய்யா இது?"

"நீதான்."

"நல்ல மன்சனா தெரியறாரு."

வீட்டில் படத்தைக் காட்டியதும் கெங்கம்மா சட்டென்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பிறகுதான் விஷயம் புரிந்தது. "தூ, வேத்து ஆம்பளன்னு நெனச்சிட்டேன்" என்றாள்.

சபைக்குப் பரம திருப்தி. படத்தை ஆல்பத்தின் முதல் பக்கத்தில் ஒட்டி, 'சபையின் ஆதரவில் முன்னேறிய தொழிலாளி' என்று கீழே எழுதினார்கள். அன்றைக்கே முக்காலி விண்ணப்பத்தையும் எடுத்துக்கொண்டார்கள். கோதண்டத்தை உள்ளே கூப்பிட்டு, ராவ்சாகிப் தீர்மானத்தைப் படித்தார்.

"கேட் காவல் வேலை அங்கக்குறைவு உள்ளவர்களுக்கே உரியது. விண்ணப்பதாரரின் படத்தைச் சபை கவனமாகப் பரிசீலித்தது. அதில் அங்கக்குறைவு எதுவும் காணப்படவில்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது."

கோதண்டம் மேசைக்கு அருகே வந்து, வலது கையை விரித்துக் காகிதங்களின்மேல் வைத்தான்.

"இத்தப் பாருங்க எசமான்."

"மேசையிலிருந்து கையை எடு. இங்கே கோப்பில் கட்டக்கூடியதைத்தான் வைக்கலாம். உன் கையைக் கோப்பில் கட்ட முடியுமா?"

"கண்ணுக்கு எதிர்க்கவே கீதே எசமான்."

"அதுதான் சங்கடம்," என்றார் ராவ்சாகிப். அவர் குரலில் உண்மையாகவே இரக்கம் இருந்தது. "யோசித்துப் பார். போன வருஷம் உன் கையில் ஐந்து விரல் இருந்தது. இந்த வருஷம் மூன்று என்கிறாய். அடுத்த வருஷம் எத்தனையோ, உனக்கே தெரியாது. இப்படி அடிக்கடி மாறுகிற ஒன்றை நம்பிச் சபை தீர்மானம் போடலாமா? படம் மாறாது."

மற்ற நாலு அங்கத்தினர்களும் படம் மாறாது என்பதை ஆமோதித்தார்கள்.

பிடி நிற்காவிட்டாலும் அவன் மறுபடி சங்கிலிக்குப் போயிருக்கவேண்டியதுதான். அதற்குள் ஆல்பம் போய்ச் சேர்ந்து, லண்டனிலிருந்து தந்தி வந்தது. டைரக்டர்களில் ஒருவரான பெரிய துரை சென்னைக்கு வருகிறார்; ஆல்பத்தின் முதல் பக்கத்தில் இருக்கும் தொழிலாளியை நேரில் பார்க்க ஆசைப்படுகிறார். ராவ்சாகிப் தாமே ஆள் அனுப்பிக் கோதண்டத்தை வரவழைத்தார்.

"நீ மட்டும் படத்தில் இருப்பதைப்போல ஒழுங்காக நின்றால், முக்காலி விஷயத்தைச் சபை மறுபடியும் யோசிக்கும்."

"யோசிப்பீங்களா, குடுப்பீங்களா எசமான்?"

"யோசிப்பதற்கே நாங்கள் ஐந்து பேர் வேண்டியிருக்கிறது."

துரை வந்த அன்று அருள்பிரகாசத்தைக் கம்பெனிக் கிடங்குக்கே அழைத்து வந்துவிட்டார்கள். பிளேட்டில் செய்ததையெல்லாம் இப்போது ஆள்மேல் செய்யவேண்டும். ஏரிச் சீலையைக் கொண்டுவந்து கரிக்குவியலை மறைத்துக் கட்டினார்கள். முதுகில்லாத கோட்டைப் போட்டு, நாடாவை இறுக்கினார்கள். கோதண்டத்தின் முன்னால் ஒரு மேசையைப் போட்டு, அதன்மேல் குரோட்டன்ஸ் தொட்டிகளை அடுக்கி, மார்புக்குக் கீழே எதுவும் தெரியாமல் செய்தார்கள். அருள்பிரகாசம் தூரிகையால் பவுடரைக் குழைத்துத் தழும்பில் அப்பினார். ஐந்து அங்கத்தினர்களும் சபையில் வைத்திருந்த படத்தின் பிரதியையும் அவனையும் மாறிமாறிப் பார்த்தார்கள்.

"படத்தைப் போலவேதான் இருக்கிறான்," என்றார் ராவ்சாகிப். "அசைகிறான், அது ஒன்றுதான் குறை. டேய், என்ன ஆனாலும் சரி, அந்தக் கை முன்னால் வரக்கூடாது."

துரை வந்தார். சிவந்த முகம், வெள்ளைத் தொப்பி. தம்மோடு கொண்டுவந்த ஆல்பத்தைத் திறந்து பார்த்தார், கோதண்டத்தைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. பிறகு யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். தொட்டிகளுக்கு மேலாக வலது கையை நீட்டினார்.

கோதண்டம் அந்தக் கையைப் பார்த்தான். ஐந்து விரல், சுத்தமான நகம். துரைக்குப் பின்னால் ராவ்சாகிப் கண்ணாலேயே மிரட்டிக்கொண்டிருந்தார். கோதண்டத்துக்குத் தோன்றியது இதுதான்: இவர்கள் ஐந்து பேரும் கண்ணால் பார்த்தும் இல்லை என்கிறார்கள். இவர்களுக்கெல்லாம் மேலான மனிதன் ஒருவன் தொட்டே பார்த்துவிட்டால், பிறகு இல்லை என்று யார் சொல்லமுடியும்? முதுகுக்குப் பின்னாலிருந்து கையை எடுத்து நீட்டினான்.

துரை பிடித்தார். பிடித்ததும் புருவம் உயர்ந்தது. கையைத் திருப்பிப் பார்த்தார். இங்கிலீஷில் என்னவோ கேட்டார். ராவ்சாகிப் ஒரு அடி முன்னால் வந்து, மூச்சு விடாமல் பதில் சொன்னார். துரையின் புருவம் இறங்கியது. முகத்தில் பெரிய சந்தோஷம் வந்தது. தம்முடைய சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் மடக்கிக்கொண்டு, மூன்று விரலால் கோதண்டத்தின் மூன்று விரலைப் பிடித்துக் குலுக்கினார்.

அதற்குப் பிறகு நடந்தது ஒன்றும் கோதண்டத்துக்கு விளங்கவில்லை. வரிசையாக நின்ற நாற்பது தொழிலாளிகளுக்கும் துரை கை கொடுத்துக்கொண்டே போனார். ராவ்சாகிப் அவர் முதுகுக்குப் பின்னால் தம் கையை உயரத் தூக்கி, இரண்டு விரலை மடக்கி மடக்கிக் காட்டிக்கொண்டு போனார். தொழிலாளிகள் மடக்கினார்கள். எந்த இரண்டு என்று தெரியாமல் சிலர் கட்டைவிரலை மடக்கினார்கள். கடைசியில் ஐந்து அங்கத்தினர்களும் மடக்கிக்கொண்டே துரையை மோட்டாரில் ஏற்றினார்கள்.

சீலையைச் சுருட்டிக்கொண்டிருந்த அருள்பிரகாசத்திடம் போனான் கோதண்டம்.

"துரைகிட்ட இன்னா அய்யா சொன்னாரு எசமான்?"

அருள்பிரகாசம் சுற்றிலும் பார்த்துக்கொண்டார். "விரலெல்லாம் எங்கேன்னு கேட்டார் துரை. இது இந்தத் தேசத்துப் பழைய மரியாதைன்னு சொல்லிட்டார் ராவ்சாகிப். பெரியவங்களுக்குக் கை குடுக்கறப்ப ரெண்டு விரலை மடக்கிக்குவாங்களாம். முழுக்கையும் குடுத்தா சரிக்குச் சமம்னு ஆயிடுமாம்."

"மடக்கல அய்யா. இல்ல."

"எனக்குத் தெரியாதா?"

"துரை திருப்பித் திருப்பிப் பாத்தாரே. தையல் தெரியல அவுருக்கு?"

"பாத்தார். எவ்வளவு நேர்த்தியா மடக்கறான்னு சொன்னார்."

நாலு நாள் கழித்துச் சபையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. முக்காலி கிடைத்துவிட்டது என்றே கெங்கம்மா நினைத்தாள். கோதண்டம் அதை எடுத்துக்கொண்டு யானைக்கவுனிக்கு நடந்தான். அருள்பிரகாசம் சாய்வு மேசையில் ஏதோ ஒரு பிளேட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கத்தியை வைத்துவிட்டுக் கடிதத்தைப் படித்தார்.

"'சங்கிலிக்காரன் கோதண்டத்துக்கு. துரையவர்களின் விஜயத்தின்போது நீ காட்டிய மரியாதையைச் சபை மெச்சுகிறது. ஆயினும் மரியாதை விசேஷ தினங்களுக்கு உரியது. வேலை நேரத்திலும் விரல்களை மடக்கியே வைத்திருப்பதால் கம்பெனியின் நேரம் வீணாகிறது. ஆகவே வருகிற திங்கட்கிழமை காலை முதல் ஐந்து விரல்களையும் விரித்துக்கொண்டு சங்கிலி வேலைக்கு வரவும். தவறினால் பெயர் நீக்கப்படும்.'"

கோதண்டம் கேட்டுக்கொண்டு நின்றான். "விரிக்கறதுக்கு இன்னா அய்யா, விரிச்சிக்கறேன். எங்க போட்டு வெச்சிருக்காங்கன்னு எழுதியிருந்தா, போய் எடுத்துகினு வந்திருப்பேன்."

அருள்பிரகாசம் கடிதத்தை மேசைமேல் வைத்தார்.

"முக்காலியப் பத்தி ஒண்ணும் எழுதலியா?"

அவர் மேசைப் பக்கம் திரும்பிக்கொண்டார். கோதண்டம் எட்டிப் பார்த்தான். பிளேட்டின் பக்கத்தில் அதன் முதல் அச்சு இருந்தது. சுருட்டை முடியும் கொழுத்த கன்னமுமாக ஒரு இளைஞன், வலது கையை மார்பில் வைத்துக்கொண்டு, சோகமாக இருக்கப் பிரயத்தனம் செய்துகொண்டிருந்தான்.

"யாரு இது?"

"ராவ்சாகிப்போட மச்சான் பிள்ளை. கேட் வேலைக்கு மனு போட்டிருக்கான்."

"இன்னா ஆச்சு அவனுக்கு?"

"ஒண்ணும் ஆகல. அதான் நான் பண்ணிகிட்டிருக்கேன்."

பிளேட்டில் அவன் தலைக்குக் கட்டுப் போட்டாகிவிட்டது. அது பென்சில் வேலை, சுலபம். கன்னத்தில் ஒரு தழும்பும் வைத்தாகிவிட்டது. விரல்கள்தான் பாக்கி. படத்தில் அங்கக்குறைவு தெளிவாகத் தெரியவேண்டும் என்று சபை கண்டிப்பாக எழுதியிருந்தது.

"காலையிலேருந்து சுரண்டறேன்," என்றார் அருள்பிரகாசம். "விரல் போன மாதிரி வரமாட்டேங்குது. மடக்கின மாதிரிதான் வருது." கொஞ்சம் தயங்கிவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்: "கோதண்டம், தப்பா நினைச்சுக்காதே. உன் கையை ஒரு நிமிஷம் இந்த வெளிச்சத்துல காட்டறியா? வெட்டு எந்த எடத்துல முடியுதுன்னு பாத்துக்கறேன்."

கோதண்டம் கடிதத்தை மேசையிலிருந்து எடுத்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டான்.

"அவன திங்கக்கெழம காலைல சங்கிலிக்குக் கீழ வந்து நிக்கச் சொல்லு அய்யா. நான் வரப்போறதில்ல, அந்த எடம் காலியாத்தான் இருக்கும். பென்சிலு, கத்தி ஒண்ணும் வேணாம். தானா சரியா வரும்."